தளை தட்டும் நாடி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் யாப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து, மாணவர்க்கு அசையும் சீரும் பிரித்துக் காட்டியே காலம் கழித்தவனிடம் வேறு எதைக் கேட்பார்? அவர் இட்ட பணியை நான் மீறப் போவதில்லை. ஆனால், ஏட்டில் உள்ள யாப்பை இன்று ஒருபுறம் வைத்துவிட்டு, நம் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் யாப்பைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். எனக்கு மருத்துவம் பார்ப்பவரிடம் கேட்டறிந்ததையும், நூல்களில் கற்றதையும், நானே பட்டறிந்ததையும் மட்டுமே உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நம் மூத்த கவிஞரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவரிடமும் அவர் துணைவியாரிடமும் இசைவு பெற்றே இதனைப் பேசுகிறேன்.

நம் வட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டு அது. ஒரு கவியரங்கம் முடிந்து நாங்கள் இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். "தம்பி, சில நாளாக நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல் ஏதோ செய்கிறது. சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடுகிறது" என்றார். "ஐயா, அடுத்த கவிதை துள்ளுகிறது போலும்" என்றேன் நான். அவரும் சிரித்தார். பேருந்து வந்தது. அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு விடியற்காலையில், துணைவியார் காப்பியை நீட்டியபோது அவர் வலக்கை எழவில்லை. வாய் ஒருபுறம் கோணிற்று. ஏதோ சொல்ல முயன்றார், சொல் வரவில்லை. மருத்துவமனையில் எடுத்த படம், மூளையின் இடப்பக்கத்துக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் ஒன்றைக் குருதிக்கட்டி அடைத்திருப்பதைக் காட்டிற்று. அக்கட்டி இதயத்தில் உருவாகி அங்குச் சென்றது என்பதையும், இதயம் ஒழுங்கின்றித் துடித்துவந்ததே அதற்குக் காரணம் என்பதையும் அன்றுதான் முதன்முதலாக அறிந்தோம். பேருந்து நிறுத்தத்தில் நான் செய்த கேலி அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை.

நூற்றுக்கணக்கில் வெண்பா இயற்றிய அவருக்கு இன்று, 'தண்ணீர் வேண்டும்' என்று கேட்கச் சொல் இல்லை. ஆனால் நாம் பேசுவதெல்லாம் அவருக்கு விளங்குகிறது. இளங்கவிஞர் யாரேனும் வெண்பா படிக்கையில் தளை தட்டினால், அவர் முகம் சுளிப்பதைப் பலமுறை கண்டிருப்பீர்கள். இன்று காலை தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியபோது அவர் உதடுகளும் உடன் அசைந்தன; சொற்களும் வந்தன. பேச்சை இழந்தவர்களிடம் பாட்டும் மனப்பாடமும் எஞ்சி நிற்பது உண்டு என்கிறார்கள் மருத்துவர்கள். தன் சொல்லைத் தானே ஆக்கும் வல்லமைதான் போய்விடுகிறது. கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில், அதனினும் பெரிய இழப்பு வேறென்ன?

இவ்விழப்புக்கு உரிய இடம் மூளையில் எங்கே இருக்கிறது என்று உலகம் அறிந்தது 1861ஆம் ஆண்டில். பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேச்சின்றி வாழ்ந்த ஒருவரைப் பால் புரோக்கா என்னும் மருத்துவர் கண்டார். எதைக் கேட்டாலும் அந்நோயாளி 'டான்' என்ற ஓர் அசையை மட்டுமே சொல்வார். பிறர் சொல்வது அவருக்குப் புரியும். விடையோ அந்த ஓரசையே. அவர் இறந்தபின் மூளையைச் சோதித்த புரோக்கா, இடப்பக்கத்தின் முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருப்பதைக் கண்டார். இன்றும் அவ்விடம் புரோக்காவின் பெயராலேயே வழங்குகிறது. பெரும்பாலோர்க்கு மொழியின் வீடு மூளையின் இடப்பக்கமே. அங்கே குருதி தடைப்பட்டால் வலக்கையும் சொல்லும் ஒருசேர விழுகின்றன. எழுதும் கையும் பேசும் வாயும் ஒரே நாளில் போய்விடுகின்றன.

சுவீடன் நாட்டுக் கவிஞர் தோமஸ் டிரான்ஸ்ட்ரோமரை உங்களுள் பலர் மொழிபெயர்ப்பில் படித்திருக்கக்கூடும். 1931ஆம் ஆண்டில் பிறந்த அவர் உளவியல் துறையில் பணியாற்றியவர். 1990ஆம் ஆண்டில், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் பக்கவாதத்துக்கு ஆளானார். வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சு பெரிதும் போயிற்று. அதன்பின் அவர் இடக்கையால் மட்டும் பியானோ வாசித்தார். அவருக்காகவே இடக்கைக்கு உரிய இசைப் பகுதிகளை இசையறிஞர்கள் இயற்றித் தந்தனர். 1996இலும் 2004இலும் அவர் கவிதைத் தொகுப்புகள் வெளிவந்தன. 2011ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோது, பரிசாளர் ஆற்றும் உரைக்கு மாற்றாக அவருடைய கவிதைகளே இசையுடன் வழங்கப்பெற்றன. 2015ஆம் ஆண்டில் மறைந்தார். பக்கவாதத்துக்குக் காரணங்கள் பல. அவருக்கு நேர்ந்ததன் காரணத்தை ஆராய்வது என் நோக்கமன்று. சொல்லை இழந்தபின்னும் கவிஞனாகவே வாழ முடியும் என்பதற்கு அவர் சான்று. நம் மூத்த கவிஞரும் சான்று. எனினும், காக்கக்கூடிய சொல்லை இழக்க விடலாமா என்பதே என் வினா.

இனி, இதயத்தில் நிகழ்வதைச் சுருங்கச் சொல்கிறேன்.

இதயத்துக்கு நான்கு அறைகள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. வல மேலறையின் மேற்புறத்தில் உள்ள ஒரு சிறு திசுவே தாளம் போடுவது. ஓய்வாக இருக்கும்போது அது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை மின்துடிப்பை எழுப்புகிறது. அதற்கேற்ப மேலறைகள் முதலிலும் கீழறைகள் அடுத்தும் சுருங்குகின்றன. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இது நடக்கிறது. தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைநொடியாலும் அளந்தார். நெஞ்சுக்குள் இந்த அளவுகோல் நாம் பிறக்கும் முன்பே அளக்கத் தொடங்கிவிடுகிறது.

சிலருக்கு, முதுமையில் பலருக்கு, மேலறைகளின் தசையில் அந்த ஒற்றைத் தாளம் குலைந்துபோகிறது. மின்னலைகள் பல திசையிலும் சுழன்று, நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட முறை மேலறைகள் நடுங்குகின்றன. அவை சுருங்குவதில்லை, வெறுமனே படபடக்கின்றன. இடையில் உள்ள வாயில் அவற்றுள் சிலவற்றை மட்டும், எவ்வித ஒழுங்குமின்றி, கீழறைகளுக்கு விடுகிறது. இதனை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். நாம் 'மேலறை நடுக்கம்' என்று சொல்லிக்கொள்வோம். மேலறை சரிவரச் சுருங்காததால், இட மேலறையின் பக்கத்தில் பைபோல் அமைந்த மூலையில் குருதி தேங்குகிறது. தேங்கிய குருதி உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி பெயர்ந்தால் குருதியோட்டத்துடன் மூளைக்குச் செல்லும் வழி நேரே திறந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்காம் என்ற ஊரின் மக்களை 1948ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து ஆராய்ந்துவருகின்றனர். மேலறை நடுக்கம் உள்ளவர்க்குப் பக்கவாதம் வரும் இடர் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அவ்வாய்வு 1991ஆம் ஆண்டில் காட்டிற்று.

நாடி தவறுவதெல்லாம் இந்நோய் என்று அஞ்ச வேண்டா. மூச்சை உள்ளிழுக்கையில் நாடி சற்று விரைவதும், வெளிவிடுகையில் தளர்வதும் இயல்பே. சிலநேரம் ஒரு துடிப்பு முந்தி வந்து, பின் ஒரு சிறு இடைவெளி விட்டு, மீண்டும் பழைய ஓட்டம் தொடர்வதும் உண்டு. வெண்பாவில் ஓரிடத்தில் தளை தட்டியது போன்றது அது, பெரும்பாலும் தீங்கற்றது. மேலறை நடுக்கத்தில் அடுத்த துடிப்பு எப்போது விழும், வலிதாக விழுமா மெலிதாக விழுமா என்று காது எதிர்பார்க்கவே முடியாது. பாவின் பெயரே சொல்ல இயலாதபடி எல்லாச் சீரும் கலைந்துவிடும்.

இதனைக் கண்டறிவதில் உள்ள இடர்ப்பாடு யாதெனில், பலர்க்கு இந்நடுக்கம் வந்து வந்து போவது. அரை மணி நேரம் இருக்கும், தானே நின்றுவிடும், பத்து நாள் கழித்து மீண்டும் வரும். சிலர்க்குப் படபடப்பு, களைப்பு, மூச்சிரைப்பு தோன்றும். சிலர்க்கு எவ்வகை அறிகுறியும் இராது. நாம் மருத்துவமனைக்குச் சென்று படுத்து இ.சி.ஜி. எடுப்பதோ சில நொடிகள். அந்நொடிகளில் நோய் வராவிட்டால் தாள் குற்றமற்றதாகவே இருக்கும். நூறு வெண்பா உள்ள நூலில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு நூல் முழுவதும் பிழையற்றது என்று சான்று தருவது போன்றதே அது.

இ.சி.ஜி. என்னும் இதய மின்வரைவு, நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் அமைத்த கருவியால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. அக்கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்திருக்க வேண்டும். கருவியை நோயாளியிடம் கொண்டு செல்ல முடியாது. ஆகவே, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே இதயத் துடிப்பைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு அவர் வருவித்தார். 1909ஆம் ஆண்டில் லண்டனில் தாமஸ் லூயிஸ், ஒழுங்கற்ற நாடிக்குப் பின்னால் மேலறை நடுக்கம் இருப்பதை இக்கருவியைக் கொண்டு தெளிவுபடுத்தினார். 1924ஆம் ஆண்டில் ஐந்தோவனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பின்னர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நார்மன் ஹோல்டர் என்பவர், நடமாடும் மனிதனின் துடிப்பைப் பதிவதற்கு, முதுகில் சுமக்கும் 38 கிலோ எடையுள்ள கருவியில் தொடங்கி, 1961ஆம் ஆண்டளவில் உடையில் வைத்துக்கொள்ளத்தக்க அளவுக்குச் சுருக்கினார். இன்று இரு கட்டைவிரல்களை வைத்து அரை நிமிடம் பிடித்தால் வரைவு தரும் கையடக்கக் கருவி வந்துவிட்டது. 2018ஆம் ஆண்டு முதல் கைக்கடிகாரத்திலும் வந்துவிட்டது. நோயாளி கருவியைத் தேடிச் சென்ற காலம் மாறிக் கருவி வீட்டுக்கே வந்திருக்கிறது.

வீட்டில் இருந்தபடி கவனித்தால் பயன் உண்டா? டிரான்ஸ்ட்ரோமரின் நாட்டிலேயே இதற்கு விடை தேடினர். 2012ஆம் ஆண்டில், தலைநகர் ஸ்டாக்ஹோம் வட்டாரத்திலும் ஹாலண்ட் என்ற மாவட்டத்திலும் வாழ்ந்த 75, 76 வயதினரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப்பேரை மட்டும் சோதனைக்கு அழைத்தனர். அழைக்கப்பட்டவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேரே, அதாவது ஏழாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே, வந்தனர். முன்பே நோய் அறியப்படாதவர்கள் கையடக்கக் கருவியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, இரண்டு வாரம், நாளுக்கு இருமுறை, அரை நிமிடம் பிடித்தனர். வந்தவர்களுள் நூற்றுக்கு மூவரிடம் அதுவரை அறியப்படாத மேலறை நடுக்கம் வெளிப்பட்டது. முதல் வரைவிலேயே அது தெரிந்தவர்கள் ஆயிரத்துக்கு ஐவர்தாம். எஞ்சியோர் யாவரும் திரும்பத் திரும்பப் பார்த்ததால் மட்டுமே அகப்பட்டவர்கள். புதிதாகக் கண்டறியப்பட்டோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் குருதி உறையாமைக்கான மருந்தை உட்கொள்ளத் தொடங்கினர்.

ஏறத்தாழ ஏழாண்டுகளுக்குப் பின், 2021ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. பக்கவாதம், கடுமையான குருதிப்போக்கு, இறப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தவர்கள், அழைக்கப்பட்டோருள் நூற்றுக்கு 31.9, அழைக்கப்படாதோருள் 33. வேறுபாடு சிறிது, ஆயினும் உண்மையானது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், எனக்கு அறுபத்தெட்டு வயது. என் துணைவியாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஆதலால் அதை அளக்கும் கருவி வீட்டில் உண்டு. ஒருநாள் மாலை விளையாட்டாய் என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். எண்களுக்குப் பக்கத்தில் இதய வடிவக் குறி ஒன்று மினுக்கிற்று. கருவியில்தான் கோளாறு என்று எண்ணி மின்கலத்தை மாற்றினேன். அவள் கையில் வராத குறி என் கையில் மீண்டும் வந்தது. கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்த்தேன். முப்பத்தோர் ஆண்டுகள் சீர் எண்ணிய விரல்கள் அவை. எண்ண முடியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வலி இல்லை, படபடப்பு இல்லை, களைப்பும் இல்லை. பேருந்து நிறுத்தம் மட்டும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் மருத்துவரிடம் சென்று இ.சி.ஜி. எடுத்தேன். எல்லாம் சீராக இருந்தது. 'ஒன்றும் இல்லை' என்று மகிழ்ந்து எழுந்தேன். அந்த அம்மையார் என்னை அமரச் சொன்னார். "ஐயா, இந்த நேரத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் இந்தத் தாள் சொல்கிறது. நேற்று மாலை என்ன நடந்தது என்று இதற்குத் தெரியாது" என்றார். கையடக்கக் கருவி ஒன்றைத் தந்து, காலையும் மாலையும் அரை நிமிடம் பிடிக்கச் சொன்னார். படபடப்புத் தோன்றினால் அப்போதும் பிடிக்கச் சொன்னார். பத்து நாள் குறையில்லை. வீட்டில் எல்லோரும் கேலி செய்யத் தொடங்கினர்; நானும் கருவியைத் திருப்பித் தந்துவிடலாம் என்றிருந்தேன். பதினோராம் நாள் மாலை நடுக்கம் வரைவில் விழுந்தது. அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர், என் வயதையும் பிற நிலைகளையும் கணக்கிட்டு, இதய ஒலிப்படமும் குருதிச் சோதனையும் செய்வித்து மருந்து தொடங்கினார். இன்றுவரை ஒருவேளையும் தவறவிட்டதில்லை.

இம்மருந்துகள் மேலறை நடுக்கத்தால் வரும் பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்க வல்லவை. நெடுங்காலமாக வழங்கிவரும் வார்ஃபாரின் உண்போர், குருதி உறையும் அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு முதல் வழக்குக்கு வந்த புதிய மருந்துகளுக்கு அத்தேவை இல்லை. ஆனால் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் குருதிப்போக்கு என்னும் இடர் உண்டு. யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டா என்பது, வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயத் தளர்ச்சி, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றை நோக்கி மருத்துவர் முடிவு செய்ய வேண்டுவது. ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது. என் பேச்சைக் கேட்டு யாரும் தாமாகவே மருந்துக் கடைக்குச் செல்ல வேண்டா.

மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. டென்மார்க்கில் 70 முதல் 90 வயது வரை உள்ள ஆறாயிரம் பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுள் 1,501 பேரின் மார்புத் தோலுக்கடியில் இடைவிடாது காவல் இருக்கும் பதிவுக் கருவியைப் பொருத்தினர். அவர்களிடம் நூற்றுக்கு 32 பேர் அளவில் மேலறை நடுக்கம் அகப்பட்டது. கருவி இல்லாதோரிடம் 12 பேர் அளவிலேயே அகப்பட்டது. ஆனால் பக்கவாதம் உறுதியாகக் குறைந்தது என்று சொல்லத்தக்க வேறுபாடு, 2021ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவில் இல்லை. சில நிமிடமே வந்து போகும் நடுக்கம் யாவும் ஒரே அளவில் தீங்கு செய்வன அல்ல என்று இதிலிருந்து உணர்கிறோம். ஐம்பது வயது கடந்த, அறிகுறியற்ற அனைவரையும் சோதிப்பதன் நன்மை தீமைகளை நிறுத்துச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022ஆம் ஆண்டில் அறிவித்தது. ஐரோப்பிய இதயவியல் கழகமோ, 65 வயது கடந்தவர் மருத்துவரிடம் வரும் வாய்ப்பில் எல்லாம் நாடி பார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

கடிகாரங்களைப் பற்றியும் ஒரு சொல். ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரம் அணிந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவில், நாற்பது வயதுக்கு உட்பட்டோரில் ஆயிரத்துக்கு இருவருக்கும் குறைவாகவே எச்சரிக்கை வந்தது. 65 வயது கடந்தோரில் நூற்றுக்கு மூவர்க்கு வந்தது. கடிகாரம் தோலுக்குள் ஒளி பாய்ச்சிக் குருதியோட்டத்தைக் கொண்டு ஊகிப்பது. இரத்த அழுத்தக் கருவி காட்டும் குறியும் ஊகமே. இரண்டும் 'வந்து பார்' என்று அழைப்பவை. இதய மின்வரைவில் அரை நிமிட அளவேனும் நடுக்கம் பதிவாகி, அதை மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான் நோய் உறுதி. இளைஞர்கள் மணிக்கொரு முறை நாடி பார்த்துக் கவலையை வளர்த்துக்கொள்ள வேண்டா.

ஆயின் யார் பார்க்க வேண்டும், எவ்வாறு பார்க்க வேண்டும்? 65 வயது கடந்தவர்களும், அதற்கு முன்பே இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களும் பார்ப்பது நன்று. காப்பி அருந்திய உடனே பார்க்க வேண்டா. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலின் அடிப்பக்கமாக மணிக்கட்டில் மறுகையின் மூன்று விரல்களை மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டா. அதற்கே ஒரு துடிப்பு உண்டு. ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். எண்ணிக்கையினும் ஒழுங்கே முதன்மை. காலையும் மாலையும் இரண்டு வாரம் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒழுங்கு குலைவது திரும்பத் தென்பட்டால், அக்குறிப்பேட்டுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். படபடப்புடன் மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் குறிப்பேட்டை மறந்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நேரத்தைக் குறித்துக்கொண்டு 108 ஊர்தியை அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். சிறிது படுத்தால் சரியாகும் என்று காத்திருப்பவர் இழப்பது அந்த நேரத்தையே.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. நம்முள் பாதிப்பேருக்கு மேல் அறுபத்தைந்தைக் கடந்துவிட்டோம். ஒவ்வொரு திங்கள் கூட்டத்திலும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியபின், முதற்கவிதை படிக்கும் முன், ஒரு நிமிடம் அனைவரும் அமைதியாக அமர்ந்து அவரவர் நாடியைப் பார்ப்போம். கையடக்கக் கருவி ஒன்றை வட்டத்தின் பொதுச் செலவில் வாங்கி, தேவைப்படும் உறுப்பினர் இரண்டு வாரம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வகை செய்வோம். நூலகத்திலிருந்து நூல் எடுத்துச் செல்வதுபோல் அது ஒவ்வொரு வீடாகச் சென்று வரட்டும். முதல் தொகையை நான் இன்றே செயலாளரிடம் தந்துவிடுகிறேன்.

இவ்வுரையை எழுதி முடித்தபின், நேற்று மாலை நம் மூத்த கவிஞர் இல்லத்துக்குச் சென்று அவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். பேருந்து நிறுத்தத்தைப் பற்றிய பகுதியைப் படிக்கும்போது என் குரல் தடைப்பட்டது. அவர் இடக்கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறுதல் சொல்கிறார் என்று எண்ணினேன். சிறிது நேரம் கழித்தே, விரல்களை நாடியின் மீது வைத்து அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. தலையை அசைத்தார், தளை தட்டாத வெண்பாவைக் கேட்டால் அசைப்பாரே, அதே அசைவு.